பெட்ஸி ராஸ் அம்மையாரும் அமெரிக்கக் கொடியும்

ஒரு நாட்டின் கொடி எப்பொழுது தோன்றிற்று, அதன் உருவத்தை வகுத்தவர் யார் என்று அறிய விரும்புதல் மக்கட்கு இயல்பு. மன்றங்களிற் செய்யப்படும் தீர்மானங்கள் ஏடுகளிற் பதிந்து நிலைபெறும். அத்தீர்மானத்தைக் கண்ணாற் காணும் பொருளாக்குவதற்குத் துணியை அளந்து, வெட்டி, மூட்டித் தைத்தவர் பெயரோ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் இதற்கு மாறாக ஒரு விந்தை நிகழ்ந்திருக்கின்றது. அந்நாட்டின் முதற்கொடியைத் தைத்தவர் என்று பிலடெல்பியா நகரத்துத் தையற்றொழிலாளி ஒருவரின் பெயரை அங்குள்ள பள்ளிச் சிறுவரும் அறிவர். பெட்ஸி ராஸ் என்பது அவ்வம்மையாரின் பெயர். அவர் பெயரால் ஓர் இல்லம் காட்சிச்சாலையாகப் போற்றப்படுகின்றது. டெலவேர் ஆற்றின்மீது ஒரு பாலம் நிற்கின்றது. அவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 1952-இல் அரசாங்கத்தார் அஞ்சல் தலையும் வெளியிட்டனர். ஆயினும், சரித்திர ஆராய்ச்சியாளரை அணுகி, "முதற்கொடியை இவர்தாம் தைத்தார் என்பதற்குச் சான்று என்ன?" என்று வினவினால், அவர்கள் தயங்கியே விடை கூறுவர்.

இத்தயக்கத்திற்குக் காரணம் யாது? அக்கதை எங்கிருந்து புறப்பட்டது? அதனை எவ்வாறு சோதிப்பது? கதையை நீக்கிவிட்டால் அவ்வம்மையாருக்கு எஞ்சும் பெருமை ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். வரலாறு பயிலும் மாணவர்க்கு இஃதொரு நல்ல பயிற்சியுமாகும். கேட்டற்கு இனிய செய்திக்கும் சான்றால் நிலைநாட்டப்பட்ட செய்திக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

முதலிற் கதையைக் கூறுவோம். 1776-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி, அல்லது ஜூன் மாதத் தொடக்கம். வட அமெரிக்காவிலிருந்த 13 குடியேற்ற நாடுகளும் ஆங்கில அரசோடு போர் புரிந்துகொண்டிருந்தன. சுதந்தரப் பிரகடனம் இன்னும் வெளியாகவில்லை. பிலடெல்பியாவில் மெத்தை, திரைச்சீலை, நாற்காலியுறை முதலியன தைக்கும் சிறு கடையொன்றை இருபத்துநான்கு வயதுடைய கைம்பெண் ஒருத்தி நடத்திவந்தாள். ஒருநாள் அக்கடைக்கு மூவர் வந்தனர். ஒருவர் படைத்தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன். மற்றொருவர் பெருவணிகரும் காங்கிரஸ் மகாசபையின் உறுப்பினருமாகிய ராபர்ட் மாரிஸ். மூன்றாமவர் அப்பெண்ணின் இறந்த கணவருக்குச் சிறிய தந்தை முறையினரான ஜார்ஜ் ராஸ். வாஷிங்டன் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, இவ்வாறு ஒரு கொடி தைத்துத் தர இயலுமா என்று கேட்டார். இதற்குமுன் கொடி தைத்ததில்லை என்றும், முயன்று பார்ப்பதாகவும் அவள் விடை கூறினாள். அதன்பின் அப்படத்தை உற்று நோக்கி, அதிலிருந்த விண்மீன்களுக்கு ஆறு முனை இருத்தலைச் சுட்டி, ஐந்து முனையே அழகும் எளிமையும் உடையதென்றாள். ஐம்முனை வெட்டுதல் கடினமன்றோ என்று வந்தவர் ஐயுற, அவள் ஒரு காகிதத்தை எடுத்து மடித்துக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டி விரித்துக் காட்டினாள். குறையற்ற ஐம்முனை விண்மீன் ஒன்று தோன்றிற்று. மூவரும் வியந்து அவள் சொல்லை ஏற்றுக்கொண்டனர். இதுவே கதை.

இக்கதைக்கு உயிராக நிற்பது அந்த ஒரே வெட்டு. அதிலுள்ள கணக்கை எவரும் தம் கையாலேயே சோதித்து அறியலாம். ஒரு புள்ளியைச் சுற்றிய முழுக்கோணம் 360 பாகை. காகிதத்தை அப்புள்ளி முனையாக அமையுமாறு பத்துச் சமபகுதிகளாக மடித்தால், 36 பாகைக் கோணமுள்ள ஆப்புப் போன்ற மடிப்பொன்று கிடைக்கும். அதனைச் சாய்வாக ஒருமுறை வெட்டி விரித்தால் ஐம்முனை விண்மீன் தோன்றும். ஆனால், பன்னிரண்டு பகுதிகளாக, அதாவது 30 பாகைக் கோணமாக மடித்து அவ்வாறே வெட்டினால் ஆறுமுனை விண்மீனும் ஒரே வெட்டில் வந்துவிடும் என்பதைக் கதை கேட்போர் கருதுவதில்லை. எனவே, ஒரே வெட்டில் அமைதல் ஐம்முனைக்கே உரிய தனிச்சிறப்பன்று. இது கதையைப் பொய்யாக்கிவிடாது. கைத்திறமையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி எவ்வளவு எளிதில் நம் மனத்தைக் கவர்ந்து, மேலும் வினவாதபடி செய்துவிடுகின்றது என்பதை மட்டும் உணர்த்தும்.

இனி, இக்கதை எப்பொழுது வெளியாயிற்று என்று காண்போம். 1870-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பென்ஸில்வேனியா சரித்திரக் கழகத்தின் கூட்டத்தில் வில்லியம் கான்பி என்பவர் ஒரு கட்டுரை படித்தார். அவர் பெட்ஸியின் மகள் வயிற்றுப் பேரர். தம் பாட்டியார் முதற்கொடியைத் தைத்த செய்தியைக் குடும்பத்தார் வாய்மொழியாகக் கேட்டதாக அவர் கூறினார். அக்கூற்றுக்கு வலிமை தேடும்பொருட்டுப் பெட்ஸியின் மகளார் ஒருவரும், உடன்பிறந்தார் மகளார் ஒருவரும், பேத்தியார் ஒருவரும் சத்தியப் பிரமாணப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தனர். 1873-இல் ஹார்ப்பர்ஸ் என்னும் புகழ்பெற்ற மாதவெளியீடு இச்செய்தியை அச்சிட்டு நாடெங்கும் பரப்பிற்று.

காலக்கணக்கை நோக்குக. நிகழ்ந்ததாகக் கூறப்படுவது 1776-இல். பொதுமக்கள் அறிய முதன்முதல் உரைக்கப்பட்டது 1870-இல். இடையிற் கழிந்தவை 94 ஆண்டுகள். பெட்ஸி அம்மையார் காலமாகியே 34 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இறந்தபொழுது கான்பி பதினோரு வயதுச் சிறுவர். பிரமாணம் எழுதிய மூவரும் பொய் கூறினர் என்று எண்ணுதற்கு இடமில்லை. அம்மையார் வாயிலாகக் கேட்டதையே அவர்கள் அன்போடு கூறியிருத்தல் வேண்டும். ஆயினும் அவர்களுள் எவரும் அந்நிகழ்ச்சியை நேரிற் கண்டவரல்லர். ஒருவர் சொல்லக் கேட்டதை மற்றொருவர் சொல்லும்பொழுது நாளும் இடமும் ஆளும் சிறிது சிறிதாக மாறுதல் உலகியற்கை. பலகாலும் கொடி தைத்த ஒருவரின் வாழ்க்கையில், பல நாட்களில் நிகழ்ந்தவை ஒரே நாளில் நிகழ்ந்தனவாகத் திரண்டுவிடவும் கூடும். குடும்ப மரபுச் செய்தியை ஒதுக்கிவிடுதலும் தவறு; வேறு சான்று இன்றி அதனை மட்டும் நம்பிவிடுதலும் தவறு.

அக்காலத்து ஏடுகள் கூறுவன யாவை? 1776-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் காங்கிரஸ் மகாசபை கொடிக்கென ஒரு குழுவை நியமித்ததாக அதன் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்தில் வழங்கியது வேறொரு கொடி. சிவப்பும் வெள்ளையுமான 13 பட்டைகளும், மேல்மூலையில் ஆங்கில அரசின் சிலுவைக் குறியும் கொண்ட அது, 1775 டிசம்பரில் பிலடெல்பியாத் துறையிலிருந்த ஆல்பிரட் என்னும் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டது. அதனைத் தைத்தவர் மார்கரெட் மேனி என்னும் மற்றொரு பெண்மணி என்பது, துணி கொடுத்த வணிகரின் நாட்கணக்கேட்டால் அறியப்படுகின்றது. சான்றுள்ள அவரைப் பெரும்பாலோர் அறியார் என்பது கருதத்தக்கது.

விண்மீன் கொடியைப்பற்றிய தீர்மானம் 1777-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாளிலேதான் நிறைவேறிற்று. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் 13 பட்டைகள். நீல நிலத்தில் வெண்மையான 13 விண்மீன்கள். அவை ஒரு புதிய விண்மீன் குழுவைக் குறிக்கும். இவ்வளவே அத்தீர்மானத்தின் பொருள். விண்மீனுக்கு எத்தனை முனை, அவை வட்டமாக நிற்குமா, வரிசையாக நிற்குமா என்பனபற்றி அதிற் குறிப்பில்லை. ஆதலின் கொடி தைத்தோர் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். அக்காலத்துக் கொடிகளில் ஐந்து முனை மட்டுமின்றி ஆறு, ஏழு, எட்டு முனை விண்மீன்களையும் காண்கின்றோம். 1778-இல் பெஞ்சமின் பிராங்க்லினும் ஜான் ஆடம்ஸும் நேப்பிள்ஸ் நாட்டுத் தூதருக்கு எழுதிய கடிதத்தில், கொடியின் பட்டைகள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் மூன்று நிறத்தன என்று குறித்தனர். 1779-ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்க் காரியாலயத்திலிருந்து ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்பவர் வாஷிங்டனுக்கே எழுதிய கடிதத்தில், ஐக்கிய நாடுகளின் படைக்கொடி இன்னதென்று இன்னும் முடிவாகவில்லை எனக் கூறுகின்றார். மூன்றாண்டுகட்கு முன்பே வாஷிங்டன் தாமே கடைக்குச் சென்று, முனை உட்பட யாவற்றையும் முடிவு செய்திருப்பாராயின், இக்கடிதத்திற்கு இடமேது?

கொடியை வகுத்தவர் தாம் என்று அக்காலத்திலேயே எழுத்துமூலம் உரிமை கோரியவர் ஒருவர் உளர். அவர் சுதந்தரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவருள் ஒருவராகிய பிரான்ஸிஸ் ஹாப்கின்ஸன். 1780-இல் கடற்படைக் காரியாலயத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கொடியையும், வேறு சில அரசாங்கச் சின்னங்களையும் தாம் வரைந்து கொடுத்ததாகவும், அதற்கு ஊதியமாக அரசாங்கத் திராட்ச மதுவில் ஒரு சிறு பீப்பாய் அளித்தாற் போதுமென்றும் அதில் வேடிக்கையாகக் குறித்தார். பின்னர்ப் பணமாகவே கேட்டார். அவர் ஒருவர் மட்டுமே இப்பணியிற் கலந்தாலோசிக்கப்பட்டவரல்லர் என்பதும், அரசாங்க ஊழியர்க்கு இத்தகைய சிறு பணிக்குத் தனி ஊதியம் வேண்டுவதில்லை என்பதும் அதிகாரிகள் சொன்ன விடை. ஊதியம் கிடைத்திலது. எனினும், நிகழ்ச்சிக்கு மூன்று ஆண்டுகட்குள், நிகழ்ச்சியை அறிந்தோர் உயிரோடிருக்கையிற் கூறப்பட்ட கூற்று இது. வேண்டாதார்கூட அவர் பங்கை முற்றும் மறுக்கவில்லை. ஆதலின், தீர்மானத்தில் உள்ள கொடியின் உருவத்தை வகுத்தவருள் அவரை முதன்மையாகக் கருதுவோரே இன்று பலர்.

இங்ஙனமாயின் பெட்ஸி ராஸின் கதைக்கு ஆதரவாக ஒன்றுமே இல்லையோ எனின், அவ்வாறு கூறுதலும் பொருந்தாது. 1776-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வாஷிங்டன், மகாசபையோடு ஆலோசிக்கும்பொருட்டுப் பிலடெல்பியாவில் இருந்தது உண்மை. ஜார்ஜ் ராஸ் அம்மையாருக்கு உறவினர் என்பதும் உண்மை. 1774-இல் வாஷிங்டன் அந்நகரிலிருந்தபொழுது ராஸ் என்பாரின் கடையிற் கட்டில் திரைச்சீலைகள் வாங்கியதாக அவர்தம் கணக்கேடு கூறுகின்றது. இவையனைத்தினும் சிறந்த சான்று மற்றொன்று உண்டு. 1777-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், பென்ஸில்வேனியாக் கடற்படைக் குழுவினர் எலிஸபெத் ராஸ் என்பவருக்குக் கப்பற்கொடிகள் தைத்ததற்காக 14 பவுன் 12 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுக்குமாறு ஆணையிட்டனர். எலிஸபெத் என்பது பெட்ஸியின் முழுப்பெயர். கொடித்தீர்மானம் நிறைவேறியது இதற்குப் பதினாறு நாட்களின் பின்பே. ஆகவே, அக்கொடிகள் எவ்வுருவின என்பதை இக்குறிப்பு உணர்த்தாவிடினும், போர்க்காலத்தில் அவர் கொடி தைத்துக் கூலி பெற்றார் என்பதை ஐயமின்றி நிறுவுகின்றது. கதையில் மிக முக்கியமான பகுதி நிறுவப்படவில்லை. கதாநாயகியின் தொழிலோ நன்கு நிறுவப்பட்டுவிட்டது.

சான்று குறைந்த கதை இத்துணை விரைவாகப் பரவியதற்குக் காரணம், அது வெளியான காலமே. 1861 முதல் 1865 வரை அந்நாட்டினர் தமக்குள் இரு பிரிவாகி உள்நாட்டுப் போர் புரிந்தனர். அப்போரிற் கொடியின்மேல் மக்கள் வைத்த பற்று முன்னில்லாத அளவு பெருகிற்று. அது தணிந்து சில ஆண்டுகளில், 1876-இல், சுதந்தரம் பெற்ற நூறாம் ஆண்டு விழா பிலடெல்பியாவிலேயே பெரும் பொருட்காட்சியோடு நடைபெற்றது. நாட்டின் தோற்றத்தைப்பற்றிய கதைகளுக்கு மக்கள் ஏங்கியிருந்த காலம் அது. படைத்தலைவரும் சட்டமியற்றுவோருமாகிய ஆடவர் பெயர்களே நிறைந்த வரலாற்றில், பெண்பாலார்க்கும் ஒரு பங்குண்டு என்பதை இக்கதை காட்டிற்று. அன்றியும், பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளியில் தேசப்பற்று ஊட்டுதற்கு இது மிகவும் ஏற்றதாயிருந்தது.

1893-இல் சார்ல்ஸ் வைஸ்கர்பர் என்னும் ஓவியர், கொடியை மடியிற் பரப்பி அம்மையார் மூவருக்கும் காட்டுவதாக ஒரு பெரும்படம் எழுதி, சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் வைத்தார். அம்மையாரின் காலத்தில் எழுதப்பட்ட உருவப்படம் ஒன்றும் கிடைத்திலது. ஆயினும், அவ்வோவியம் கண்டோர் அவர் முகத்தையே கண்டதாக எண்ணினர். படத்திலே விண்மீன்கள் வட்டமாக நின்றமையால், வட்ட வடிவக் கொடியே 'பெட்ஸி ராஸ் கொடி' எனப் பெயர் பெற்றது. 1898-இல் அவர் நினைவாக ஒரு சங்கம் தோன்றிற்று. பத்துச் சென்று செலுத்துவோரெல்லாம் அதில் உறுப்பினராகலாம். அவர்களுக்கு அப்படத்தின் பிரதி கிடைக்கும். இவ்வாறு சேர்ந்த பொருளாற் பிலடெல்பியாவின் ஆர்ச் வீதியிலுள்ள 239-ஆம் எண் இல்லம் வாங்கப்பட்டது. அம்மையார் வசித்தது அவ்வில்லமா, அடுத்ததா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஓவியமும் இல்லமும் பாடநூலும் ஒன்றுக்கொன்று துணைநின்று கதையை மக்கள் மனத்தில் வேரூன்றச் செய்துவிட்டன. கண்ணுக்குப் புலனாகும் பொருள், காதாற் கேட்ட செய்திக்குச் சான்றுபோல் தோன்றும் இயல்பு கவனித்தற்குரியது.

நிற்க, கதையின் ஒளியில் மறைந்துபோன உண்மை வாழ்க்கையைச் சிறிது காண்போம். 1752-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எலிஸபெத் கிரிஸ்கம் பிறந்தார். தந்தை தச்சுத்தொழிலினர். பிறந்த மக்கள் பதினெழுவர், எலிஸபெத் எட்டாமவர். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். போர் கூடாதென்பது அவர்தம் கொள்கை. எளிய கல்விக்குப்பின், மெத்தையும் திரையும் தைக்கும் ஒருவரிடம் எலிஸபெத் தொழில் கற்றார். அங்கு உடன்பயின்ற ஜான் ராஸ் என்பவர்பாற் காதல் கொண்டார். அவரோ ஆங்கிலத் திருச்சபைக் குருவின் மகன். வேறு சபையினரை மணத்தல் குவேக்கர் விதிக்கு மாறு. 1773-ஆம் ஆண்டு நவம்பரில் இருவரும் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்ஸி சென்று மணம் புரிந்தனர். சபையார் அவரை நீக்கிவிட்டனர். கணவனும் மனைவியும் சொந்தமாகக் கடை வைத்தனர். இரண்டு ஆண்டு சிறிது கடந்ததும், 1776 ஜனவரியில், ஜான் ராஸ் இறந்தார்.

1777 ஜூன் 15-ஆம் நாள், அதாவது கொடித்தீர்மானத்தின் மறுநாள், அம்மையார் ஜோஸப் ஆஷ்பர்ன் என்னும் கப்பலோட்டியை மணந்தார். ஆஷ்பர்ன் சென்ற கப்பல் ஆங்கிலேயர் கையிற் பட்டது. அவர் இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து மில் சிறையில் அடைபட்டு, 1782-இல் அங்கேயே உயிர்நீத்தார். அச்செய்தியைப் பிலடெல்பியாவிற்குக் கொணர்ந்தவர் உடன்சிறையிருந்த ஜான் கிளேபூல் என்னும் பழைய நண்பர். 1783 மே மாதத்தில் அவரையே அம்மையார் மணந்தார். போரை ஆதரித்தமையாற் பழைய சபையினின்று நீங்கியோர் அமைத்த 'சுதந்தரக் குவேக்கர்' சபையில் இருவரும் சேர்ந்தனர். 1793-இல் மஞ்சட் காய்ச்சல் நகரைச் சூறையாடியபொழுது அம்மையார் தந்தை தாய் இருவரையும், ஒரு சகோதரியையும் இழந்தார். பெண்மக்கள் எழுவரைப் பெற்று, அவருள் இருவரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். கிளேபூல் நெடுங்காலம் நோயுற்றுக் கிடந்து 1817-இல் இறந்தார். அக்காலமெல்லாம் குடும்பத்தைத் தாங்கியது அம்மையாரின் ஊசியே.

அவர் கொடி தைத்தது ஒருநாட் செயலன்று. 1777-இல் ஏட்டிற் பதிந்த அத்தொழில் ஐம்பது ஆண்டு நீடித்தது. 1810-ஐ அடுத்த ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பும்பொருட்டு 18 அடி அகலமும் 24 அடி நீளமுமான கோட்டைக்கொடிகள் ஆறும், செவ்விந்தியர் தொடர்பான அரசாங்க இலாகாவிற்கு 27 கொடிகளும் அவர் கடையிலிருந்து சென்றன. கணவரை இழந்து குழந்தைகளோடு திரும்பிவந்த மகள் கிளாரிஸாவும், பேத்தியரும், உறவுப்பெண்களும் அவரோடிருந்து தைத்தனர். ஏறக்குறைய 1827 வரை உழைத்து ஓய்ந்தார். இறுதி ஆண்டுகளிற் கண்பார்வையும் இழந்தார். சுதந்தரக் குவேக்கர் சபையும் படிப்படியாகக் குறைந்து, கடைசிவரை வழிபாட்டிற்கு வந்த இருவருள் அவர் ஒருவர். 1836 ஜனவரி 30-ஆம் நாள், எண்பத்துநான்காம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். இவ்வரலாற்றைக் கணக்கேடு, பதிவேடு, கடிதம் ஆகியவற்றிலிருந்து தொகுத்து மார்லா மில்லர் என்னும் பேராசிரியை 2010-இல் விரிவான நூலாக வெளியிட்டிருக்கின்றார்.

கொடி தைத்தலின் அருமையை அறிய, அதே நாட்டில் முற்றும் நிறுவப்பட்ட மற்றொரு செய்தியை ஒப்புநோக்கலாம். 1813-இல் பால்ட்டிமோர் நகரத்து மெக்கென்றிக் கோட்டைக்கு மேரி பிக்கர்ஸ்கில் என்னும் கைம்பெண் 30 அடி அகலமும் 42 அடி நீளமுமான கொடி தைத்தார். அவர் தாயார் ரெபேக்கா யங் பிலடெல்பியாவிற் கொடி தைத்து விற்றவர். மேரி பெற்ற கூலி 405 டாலர் 90 சென்று. அதற்குரிய பற்றுச்சீட்டு இன்றும் உளது. பட்டை ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். அக்காலத்திற் கிடைத்த மெல்லிய கம்பளித்துணியின் அகலமோ ஒன்றரை அடி. ஆதலின் ஒவ்வொரு பட்டையையும் ஒட்டுப்போட்டே அமைத்தல் வேண்டும். விண்மீன்கள் பருத்தித்துணியின, அவற்றை நீலத்துணியின் ஒருபுறம் வைத்துத் தைத்து, மறுபுறத்து நீலத்தை வெட்டி நீக்கினர், இருபுறமும் வெண்மை தோன்றுதற்கு இதுவே வழி. வீட்டில் விரிக்க இடம் போதாமையால், அருகிலிருந்த மதுவடிசாலையின் தளத்திற் பரப்பித் தைத்தனர். 1814 செப்டம்பரில் ஆங்கிலேயர் குண்டுமாரி பொழிந்த இரவிற்குப்பின் அக்கோட்டையிற் கொடி பறக்கக் கண்டே பிரான்ஸிஸ் ஸ்காட் கீ பாடல் இயற்றினார். 1931-இல் அது நாட்டுப் பாடலாயிற்று. கொடி இன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அதனைத் தைத்த கைகளுள் மேரியின் மகளும், உறவுப்பெண்களும், ஒப்பந்த ஊழியத்திற் கட்டுண்ட கிரேஸ் விஷர் என்னும் கறுப்பினச் சிறுமியும் அடங்குவர். அச்சிறுமியின் பெயர் வெகுகாலம் வரையில் எவராலும் கூறப்படவில்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய பெண்மணிகள் போற்றப்படுகின்றனர். பிரெஞ்சுக் கொடியின் வெண்பகுதி கிழித்தெறியப்பட, எஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் 1803-இல் இணைத்துத் தைத்தவர் காதரின் பிளான் என்று ஹெய்ட்டி நாட்டார் கூறுவர். இதுவும் செவிவழிச் செய்தியே. பிலிப்பைன் தீவினரின் கொடியை 1898-இல் ஹாங்காங் நகரில் மார்ஸெலா அகோன்ஸில்யோ, தம் மகளோடும் மற்றொரு பெண்மணியோடும் தைத்தது நன்கு நிறுவப்பட்ட வரலாறு. செவிவழிச் செய்தியாயினும் வரலாறாயினும் இவற்றிற்கெல்லாம் பொதுவான ஓர் உண்மை உண்டு. எத்தகைய கொடியும் யாரோ ஒருவர் விரலில் ஊசி தைத்த நோவோடுதான் பிறக்கின்றது. அதனை மக்கள் உள்ளம் உணர்ந்திருக்கின்றது. ஏட்டில் அவ்விடம் வெறுமையாக இருந்தமையாற் கதை வந்து அதனை நிரப்பிற்று.

இவ்வாராய்ச்சியால் நாம் அடையும் முடிவு யாது? 1776-இல் மூவர் வந்து கேட்க முதற்கொடியைப் பெட்ஸி ராஸ் தைத்தார் என்பது நிறுவப்படாத செய்தி. மறுக்கும் சான்றுகளே மிகுதி. எனவே அதனை வரலாறென்று கற்பித்தல் முறையன்று. நாட்டன்பைப் பொய்யால் வளர்க்க வேண்டுவதில்லை. பொய்யால் வளர்ந்த அன்பு அது வெளிப்படும் நாளில் வெறுப்பாக மாறும். ஆனால், கதை பொய்த்தால் அம்மையாரின் பெருமையும் பொய்த்தது என்று எண்ணுதல் அதனினும் பெரும் பிழை. ஒரு பெருந்தலைவர் ஒருநாட் காலையில் அவர் கடைப்படி ஏறியதே அவருக்குப் பெருமை என்று கருதுவோர், அத்தலைவர் வாராத எண்ணற்ற நாட்களை மறந்துவிடுகின்றனர். மூன்று கணவரை இழந்தும், பெற்றோரையும் குழந்தைகளையும் பறிகொடுத்தும், தன் கையுழைப்பால் ஒரு பெருங்குடும்பத்தைக் காத்து, தன் மகளிர்க்கும் பேத்தியர்க்கும் அத்தொழிலைக் கற்பித்து, ஐம்பதாண்டு ஒரு புதிய நாட்டின் கப்பல்களுக்கும் கோட்டைகளுக்கும் கொடி தைத்த பெண்மணியின் வாழ்க்கை, வாஷிங்டனின் வருகை இன்றியே நிறைவுடையது.

மாணவர்கள் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இனிய கதையொன்றைக் கேட்கும்பொழுது, இதனை முதலிற் கூறியவர் யார், எப்பொழுது கூறினார், அவர் நேரிற் கண்டவரா, அக்காலத்து ஏடு இதற்கு உடன்படுகின்றதா என்னும் நான்கு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்குக் கதை விடைதரமாட்டாதாயின், அங்கேயே நின்றுவிடாமல் பழைய கணக்கேடுகளையும் சிறு பற்றுச்சீட்டுகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். 14 பவுன் 12 ஷில்லிங் 2 பென்ஸ் என்னும் ஒற்றை வரி, ஆயிரம் ஓவியங்கள் காட்டாத உண்மையைக் காட்டிற்று. அத்தகைய வரிகளில் இன்னும் எத்துணை மார்கரெட் மேனிகளும் கிரேஸ் விஷர்களும் தங்கள் பெயரைப் படிப்பார் வருகைக்குக் காத்திருக்கின்றனரோ!